நிரப்பக் கூடாத மூன்று அடி

ஒரு விடுகதை சொல்கிறேன். காலியாக இருக்கும் வரைதான் அதனால் பயன். நிரம்பிவிட்டால் ஊருக்கே ஆபத்து. அது என்ன?

பத்திரிகையில் சிறுவர் பக்கம் நடத்துகிறவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு: பெரியவர்கள் படித்ததை மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் செய்து பார்த்துவிடுவார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்காவது பதில் சொல்லி மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். செங்கல்பட்டில் இருந்துகொண்டு நான் பல வருடங்களாக வாரம் ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதுகிறேன். ஒரு மழைக்காலத்தில் 'ப்ரீபோர்டு' என்ற சொல்லை விளக்கப் போய் நடந்தவை இவை.

அரை இஞ்ச்

கேள்வி அணுபுரத்திலிருந்து வந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், ஏரியில் ப்ரீபோர்டு குறைந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள், அப்படியென்றால் என்ன என்று கேட்டிருந்தான். நான் இப்படி எழுதினேன்: ஏரியில் கரையைவிடத் தாழ்வாக ஒரு கல் சுவர் கட்டியிருப்பார்கள். அதன் பெயர் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் வழிந்து வெளியேறிவிடும். கலங்கலின் மட்டத்திலிருந்து கரையின் உச்சி வரை மூன்று அடியாவது காலியாக இருக்கும். அந்தக் காலி உயரம்தான் ப்ரீபோர்டு. காற்றில் எழும் அலையும் திடீரென்று வரும் வெள்ளமும் கரைமேல் ஏறாமல் காப்பது அதுதான். மண்கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் கரையே கரைந்துவிடும். விடுகதைக்கு விடையும் இதுவே.

பக்கத்தை வடிவமைக்கும் முனுசாமி இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் இடம் வீணானால் நான் விடமாட்டேன் என்பது அவருடைய நெடுநாள் குறை. "காலியா வுடறதுக்கு ஒரு பேரு, அதுக்கு ஒரு பத்தி. நா கீழ அரை இஞ்ச் வுட்டா மட்டும் இன்னா முனுசாமி இதுன்னு கேக்கறீங்க மேடம்" என்றார்.

காபி

பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று ஓர் உதாரணமும் கொடுத்திருந்தேன். டம்ளரில் விளிம்பு வரை காபி ஊற்றினால் சிந்தாமல் நடக்க முடியாது, அதனால்தான் கொஞ்சம் குறைத்து ஊற்றுகிறோம் என்று. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எழுதவில்லை. அது என் தப்பு.

நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். மாலையில் அவர் மேஜைக்குக் காபி கொண்டுவந்து வைப்பது மகளின் வேலை. "ஒரு வாரமா அரை டம்ளர்தான் வருது மேடம். மீதி எங்கடின்னு கேட்டா, அது ப்ரீபோர்டும்மாங்கறா. அந்த ப்ரீபோர்ட கிச்சன்லயே நின்னு குடிச்சிட்டு வர்றா."

படகு

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரப் பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கரும்பலகையில் ஏரியையும் கரையையும் வரைந்து, நடுவில் அந்தக் காலி உயரத்துக்குக் கோடு போட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்ற படகுக்காரர் ஒருவர்தான் கவனித்துக் கேட்டார். புரிகிறதா என்று அவரையே கேட்டேன்.

"இதுக்குப் பேரு கீதுன்றதுதான் எனக்குப் புதுசு. மீனு நெறைய மாட்டுச்சுன்னா இன்னும் ரெண்டு கூடை ஏத்துன்னு ஆச வரும். படகு விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு முழம் இல்லன்னா நா ஏத்தமாட்டேன். கடல்ல கொட்டிட்டு வந்துகினே இருப்பேன். வூட்ல திட்டு வாங்கிக்கலாம்."

மூட்டை

மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம். அங்கிருந்து ஏழாம் வகுப்பு நித்யா கடிதம் எழுதியிருந்தாள். "நானும் என் பிரண்டு ரூத்தும் கலங்கல் ஓரச் சுவரில் கயிறு விட்டு எங்கள் ஏரியை அளந்தோம். கரையின் உச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒன்றரை அடிதான் இருக்கிறது. கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை நிறுத்தி இருக்கிறார்கள். அடுக்கிய நாலு பேரில் எங்கள் அப்பாவும் ஒருவர். ரூத் வீடு கரைக்குக் கீழே இருக்கிறது. இதைப் போடுங்கள்."

எங்கள் வட்டாரத்தில் மூட்டை அடுக்குவது புதிதில்லை. இரண்டாம் போக நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும்; வேறு வழி தெரியாதவர்கள் செய்வது. ஆனால் வாரக் கடைசியில் கனமழை என்று அறிவித்திருந்தார்கள். ஏரியைக் கவனிக்கும் அரசு ஊழியரை லஸ்கர் என்பார்கள்; அந்த ஏரியின் லஸ்கருக்குப் போன் செய்தேன். அலுத்துப்போன குரலில் பேசினார். "நாங்க எடுப்போம், மறுநாளே திரும்ப வெச்சிடுவாங்க மேடம். ஊர்க்காரங்க பேரோட அச்சுல வந்துச்சுன்னா, அத காட்டி எடுத்துட்டு ஆள் போட்டு காவல் நிப்போம். பேரில்லாம வந்தா, எவனோ வெளியாளு கெளப்பி வுட்டான்னு எங்கள தொரத்திடுவாங்க."

பெயர்

மறுநாள் காலையில் அந்த ஊருக்குப் போனேன். நித்யாவும் அவள் அப்பா ஏழுமலையும் ஏரிக்கரையில் இருந்தார்கள். கடிதம் எழுதியதை அவளே அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் கோபமாக இல்லை.

"அந்த மூட்டைங்க நிறுத்தற தண்ணிதான் மேடம் எனக்கு ரெண்டாம் போகம்" என்றார். "அது போச்சுன்னா நா லாரி ஓட்டப் போவணும். மாசத்துல ரெண்டு நாளு வூட்ல இருந்தா அதிகம்."

கரைக்குக் கீழே, ரூத்தின் அம்மா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து குனிந்துதான் அவரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஏழுமலையும் பார்த்தார். "தெரியாம அடுக்கல. இத்தினி வருஷம் ஒண்ணும் ஆவலையேன்னு ஒரு தைரியம்."

லஸ்கர் சொன்னதைச் சொல்லி, கடிதத்தைப் பெயரோடு போடலாம், பெயர் இல்லாமலும் போடலாம், போடாமலே விடலாம் என்று நித்யாவிடம் சொன்னேன். பக்கம் அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டும். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"என்ன எதுக்குப் பாக்கற? எழுதுனது நீதானே" என்றார் ஏழுமலை. "பேரு போட்டா மூட்ட போயிடும். மத்த மூணு பேரும் என்னாண்ட பேசமாட்டானுங்க. நானும் லாரிக்குப் போயிடுவேன். அத்தெல்லாம் தெரிஞ்சிக்கினு சொல்லு. நா திட்டமாட்டேன்."

இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு அர்த்தம் எழுதிக் கொடுத்த நான், அர்த்தம் புரிந்துகொண்ட ஒரு பிள்ளை எதிரில் நின்றபோது அவள் கடிதத்தை எடுத்து அவளிடமே நீட்டினேன்.

நித்யா பெயரைப் போடச் சொன்னாள், இனிஷியலோடு.