மேகம் வெடிச்சா

ஆகஸ்ட் 19, செவ்வாய். வழக்கம்போல் காலை நடை, இட்லி. கோவளம் செல்லத் தாம்பரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் மீன் விற்றுவிட்டு ஊர் திரும்பும் அக்கா. அவர் மகன் இமயமலையில் சாலை வேலை செய்கிறான். நேற்றிலிருந்து போன் கிடைக்கவில்லை.

“மேகம் வெடிச்சிச்சாமே சார், தீப்புடிக்குமா?”

“இல்லக்கா. ஒரே இடத்துல மொத்தமா கொட்டுற மழை.”

“மழதானா! படவுலேர்ந்து குதிச்சா அந்தாண்ட போய்தான் தலய தூக்குவான் சார், எம்புள்ள.”

மலைவெள்ளம் பாறைகளை உருட்டி வரும். அக்காவுக்கு அது தெரியாது. பீர்க்கன்கரணை ஏரி வழிந்து தெருவுக்கு வந்தபோது, துண்டை விரித்துக் கெண்டை பிடித்தவன் நான். அன்று எனக்கும் வெள்ளம் விளையாட்டுதான். மகனின் எண்ணை வாங்கிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே அழைக்கிறேன். ரிங் போகிறது. எடுத்ததும் ஒரு குரல் கேட்கிறது: “யம்மா, நீயா?”