நாலு மணிப் பழம்பொரி

வெளியூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எர்ணாகுளத்திலிருந்து போட்டில் வந்து இறங்குகிறார்கள். அரண்மனையையும் யூதர் தெருவையும் பார்க்கிறார்கள். அடுத்த போட்டில் திரும்பிவிடுகிறார்கள். இங்கே என்ன சாப்பிடலாம் என்று அவர்களில் யாராவது கேட்டால் எனக்கு உடனே பத்துப் பெயர் வாய்க்கு வந்துவிடும். குஜராத்தித் தெருவில் காலையில் சூடாகக் கிடைக்கும் ஜிலேபி. தேங்காயும் வெல்லமும் உள்ளே வைத்து வாழையிலையில் பொதிந்து வேகவைத்த இலையடை. முஸ்லிம் கல்யாண வீட்டில் அழைப்புக் கிடைத்தால், முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக ஊற்றிச் செய்யும் முட்டைமாலை. ஆனால் ஒன்றே ஒன்று சாப்பிடத்தான் நேரம் இருக்கிறது என்றால், பழம்பொரி சாப்பிடுங்கள் என்பேன். நேந்திரம்பழத்தை நீளவாக்கில் கீறி, இனிப்பான மைதா மாவில் தோய்த்து, தேங்காயெண்ணெயில் பொரித்தது. வாங்கும் முன் கடைக்காரரிடம், "தோல் கறுத்த பழமா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

இந்தக் கேள்வி எனக்குத் தெரிந்தது 1982-ல், எங்கள் லைன் வீட்டில் நான்காவது கதவில் குடியிருந்த முப்பிடாதி அக்காவால். நடந்ததை அக்காவும் பழக்கார அம்மிணி சேச்சியும் எனக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். சண்டையில் யார் முதலில் கத்தியது என்பதில் மட்டும் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை.

முப்பிடாதி அக்காவுக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். ஒன்பது வயதிலிருந்து பீடி சுற்றியவள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், காலையில் குனிந்த தலை இருட்டும்போதுதான் நிமிரும். இருபத்திரண்டு வயதில் பிச்சை அண்ணனைக் கட்டிக்கொண்டு, செங்கோட்டை வழியாக ரயில் ஏறி இங்கே வந்தாள். அது 1976. அண்ணனுக்கு மிளகுக் கிட்டங்கி ஒன்றில் மூட்டை தூக்கும் வேலை. அக்கா சுக்குக் களத்தில் சுக்கைத் தரம் பிரித்தாள். மழை பிடித்துவிட்டால் களத்தில் வேலை இருக்காது. ஆனாலும் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. "நிமிந்து உக்காந்து பாக்கலாம். நாலு பேரு போறது வாறது தெரியும். இருமினா வாயில புகையில வராது" என்பாள்.

1982 தொடக்கத்தில், லாரியில் சாய்த்திருந்த பலகையில் மூட்டையோடு ஏறும்போது பிச்சை அண்ணனுக்குக் கால் வழுக்கியது. முதுகில் அடி. இனி பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுக்குக் களத்துக் கூலியை மட்டும் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் இருக்க முடியாது. ஊரில் அக்காவின் மூத்த அண்ணன், வந்துவிடுங்கள், பீடி இலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். அக்கா இரண்டு நாள் வழக்கம்போலக் களத்துக்குப் போய் வந்தாள். மூன்றாம் நாள் என் அம்மாவிடம், "மறுபடி அந்த மொறத்த மடியில வச்சேன்னா, நான் எந்திரிக்கவே மாட்டேன் மதினி" என்றாள்.

அந்த நேரத்தில்தான் கிட்டங்கியில் ஓர் இடம் காலியானது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு நாலு மணிக்குச் சாயா வரும். சாயாவோடு தின்பதை இங்கே 'கடி' என்பார்கள். ஒரு கிட்டங்கி ஆட்களுக்குக் கடி கொண்டு வருவது ஒரே ஒரு ஆள்தான்; வேறு யாரிடமும் வாங்க மாட்டார்கள். அது இந்த பஜாரின் வழக்கம். பிச்சை அண்ணனின் கிட்டங்கிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தவர் ஆலப்புழையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பதினெட்டுப் பேர், வாரத்தில் ஆறு நாள். அது கிடைத்தால் மழைக்காலத்திலும் அடுப்பு எரியும்.

அந்தப் பதினெட்டுப் பேருக்கும் மூப்பன், அதாவது மேஸ்திரி, ஷௌகத் அலி. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ் பேசும் குடும்பம். அக்கா அவரிடம் போய்க் கேட்டாள்.

"பிச்சை நம்ம ஆளு. அதுக்காக வாய்க்குப் பிடிக்காதத யாரும் திங்க மாட்டாங்க, கேட்டோ" என்றார் அவர். "ஆறு திவசம், திங்கள் தொட்டு சனி வரை, கொண்டு வா. சனியாழ்ச்ச எல்லார்ட்டயும் கேப்பேன். மூணு பேரு வேண்டாம்னு கை தூக்கினா அதோட முடிஞ்சு."

"சரிண்ணே."

"பழம்பொரிதான் வேணும். வடையும் போண்டாவும் எல்லாக் கடையிலும் இருக்கு."

அக்கா சரி என்று வந்துவிட்டாள். அவள் பழம்பொரி செய்ததே இல்லை. ஆறு வருஷம் இங்கே இருந்தும் சாயாக்கடைக்குள் உட்கார்ந்து எதையும் தின்றதில்லை. பெண்கள் அங்கே உட்காருவதில்லை. நேந்திரங்காயை வாங்கிப் பொரியல் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். ஊரில் வாழைக்காய் பஜ்ஜி போடத் தெரியும். காய்க்குப் பதில் பழம், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை, பார்க்க அழகான, கெட்டியான மஞ்சள் பழமாகப் பொறுக்கி வாங்கினாள். கடலை மாவு, மிளகாய்ப் பொடி, உப்பு, தாராளமாகப் பெருங்காயம். எண்ணெய் மட்டும் பிச்சை அண்ணன் சொன்னபடி தேங்காயெண்ணெய்; மாவைப் பற்றி அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

கிட்டங்கி வாசலில் சாக்குகள் மேல் உட்கார்ந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். தாடி வைத்த ஒருவர் ஒரு கடி கடித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சேச்சீ, பஜ்ஜி கொள்ளாம். பழம்பொரி எவிட?" பஜ்ஜி நன்றாயிருக்கிறது, பழம்பொரி எங்கே என்று அர்த்தம்.

"பெருங்காயத்துக்குள்ள கொஞ்சம் பழம் போட்டிருக்கு, நோக்கி எடுக்கணும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே காலித் தட்டை எடுத்து வந்தாள். வீட்டுக்குள் வந்த பிறகு சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெருங்காயமும் மிளகாயும் போயின. பிச்சை அண்ணனைக் கேட்டு மைதா, சர்க்கரை, ஒரு துளி மஞ்சள் பொடி. மாவு சரியாக இருந்தது. பழம்தான் உள்ளே விறைத்து நின்றது, துவர்ப்பு வேறு. மம்மது காக்கா என்று ஒரு வயதான தொழிலாளி. அவருக்கு முன்பல் இல்லை. கடித்துப் பார்த்தார், கன்னத்தில் ஒதுக்கிப் பார்த்தார், கடைசியில் துண்டைத் தட்டில் விரித்திருந்த தாளிலேயே வைத்துவிட்டார். அன்று தாளில் ஒன்பது பாதித் துண்டுகள் மிச்சம். தாடிக்காரரும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் மூப்பனிடம் தங்களுக்கு வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு கை தூக்கினால் முடிந்தது.

பழம்தான் கோளாறு என்று அக்காவுக்குப் புரிந்தது. புதன்கிழமை காலை, போட் ஜெட்டிக்குப் பக்கத்தில் பழம் விற்கும் அம்மிணி சேச்சியிடம் போனாள். சேச்சிக்கும் அக்கா வயதுதான் இருக்கும். கணவனோடு சேர்ந்து குலை குலையாக வாங்கி வைத்து விற்பாள். பாதித் தமிழ் பேசுவாள்.

"பழம்பொரிக்கு. இருக்கதுலயே நல்லதாக் குடு" என்று சொல்லிவிட்டு அக்கா பையை நீட்டினாள். அம்மிணி சேச்சி பின்னால் ஒரு சாக்கை விலக்கி, உள்ளேயிருந்து எடுத்துப் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

வீட்டில் பையைப் பிரித்த அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பதினெட்டும் கறுப்பு. தொட்டால் விரல் பதிகிறது. எங்கள் ஊர்களில் தோல் முழுக்கக் கறுத்த பழத்தை மாட்டுக்குத்தான் போடுவார்கள். அக்காவும் லைன் வீட்டுக்காரரின் ஆட்டுப் பட்டியில் கொண்டுபோய்க் கொட்டினாள். பிறகு வெறும் பையோடு ஜெட்டிக்குத் திரும்பி நடந்தாள்.

"பாண்டிக்காரின்னா அழுகுன பழத்தக் கட்டிக் குடுப்பியோ? கேக்க ஆளில்லன்னு நெனச்சியோ?" இங்கே தமிழர்களை இளக்காரமாகப் பாண்டிக்காரர் என்பார்கள்.

அம்மிணி சேச்சிக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றாள்.

"அழுகினதா? நான் நாலு திவசம் சாக்கில மூடி வச்ச பழம்! ஹோட்டல்காரன் நேத்து கேட்டும் கொடுக்கல. நீ நல்லது வேணும்னு சொன்னியேன்னு தந்தேன். எங்க அது?"

"ஆடு தின்னுது!"

சுற்றி நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அம்மிணி சேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆட்டுக்கா போட்டே? இனி என் பழத்த நீ தொடவேண்டாம். போ" என்றாள்.

அன்று அக்கா கிட்டங்கிக்கு உளுந்த வடைதான் கொண்டுபோனாள். தின்றார்கள். ஷௌகத் அலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வடை நாங்க காலையிலயே தின்னாச்சு" என்று மட்டும் சொன்னார்.

அக்கா வீட்டுக்கு வந்தபோது பிச்சை அண்ணன் பாயில் சாய்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தார். காலையில் அவள் கோபத்தில் அள்ளிக்கொண்டு போனபோது ஒரு பழம் உருண்டு படிக்குக் கீழே விழுந்திருக்கிறது.

"ஏட்டி, இதத் தின்னு பாரு."

"அழுகுனதத் திங்கியளே, வயித்துக்கு என்னத்துக்கு ஆகும்?"

"தின்னு பாத்துட்டுப் பேசு."

தோலுக்குள் பழம் தேன் நிறத்தில் இருந்தது. நாக்கில் வைத்ததும் அல்வா போல வழுக்கிக்கொண்டு போனது. துவர்ப்பு கொஞ்சமும் இல்லை. அக்கா மிச்சத்தையும் தின்றாள்.

"ஆறு வருசமா அவங்களோட திங்கியளே, பழம் கறுத்திருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"பொரிச்சதத்தான்டி பாத்திருக்கேன். தோலோட நான் எங்க கண்டேன்?"

வியாழக்கிழமை காலை அக்கா மறுபடி அம்மிணி சேச்சியின் கடை முன்னால் போய் நின்றாள். சேச்சி அவளைப் பார்க்காதது போல ஒருவருக்குப் பழம் நிறுத்தாள். இன்னொருவருக்கு நிறுத்தாள். போட் வந்து ஆட்கள் இறங்கிப் போனார்கள். அக்கா நகரவில்லை.

கடைசியில் சேச்சி தராசைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எந்தா வேண்டது?"

"பழம்."

"நல்லதா, அழுகினதா?"

"அழுகுனதுதான்."

பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அம்மிணி சேச்சி சிரிக்கவில்லை. ஆனால் கை பின்னாலிருந்த சாக்குக்குப் போனது. "பன்னிரண்டுதான் இருக்கு. பாக்கி எல்லாம் ஆடு தின்னுபோச்சு. ஒரு பழத்துக்கு மூணு கீற்று போடு, ஆளுக்கு ரெண்டு வரும். தோலோட வச்சுக் கீறிட்டு அப்புறம் உரிக்கணும். முதல்ல உரிச்சா கையில குழைஞ்சு போகும்" என்றாள். பையைக் கட்டிக் கொடுக்கும்போது, "மாவு தண்ணியா இருக்க வேண்டாம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அன்று பொரித்ததில் முதல் மூன்று உடைந்தன. மற்றவை நின்றன. பாதி லைன் வீட்டுக்கு வாசனை வந்தது. கிட்டங்கியில் யாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, கேலியும் செய்யவில்லை. அக்கா தாளை எடுத்தபோது அதில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு அம்மிணி சேச்சி அடுத்த சாக்கைப் பிரித்தாள்; அன்றும் அப்படித்தான்.

சனிக்கிழமை நாலு மணி. தின்று முடிக்கும் நேரத்தில் ஷௌகத் அலி எழுந்து நின்றார். "வேண்டாம்கிறவங்க கை தூக்குங்க."

தாடிக்காரர் தூக்கினார். "திங்களாழ்ச்ச தின்ன பெருங்காயம் இப்பவும் நாக்கில உண்டு" என்றார். பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். இரண்டு கை. எல்லோரும் மம்மது காக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை துண்டைத் திருப்பி வைத்தவர் அவர்தானே. அக்கா கதவு ஓரத்தில் நின்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காக்கா, நிங்களோ?" என்றார் மூப்பன்.

மம்மது காக்காவின் வாய் நிறையப் பழம். மூப்பனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிண்டாதிரு. திங்கட்டே" என்றார். பேசாமல் இரு, தின்றுகொள்கிறேன் என்று அர்த்தம்.

சிரிப்பு அடங்கியதும் ஷௌகத் அலி அக்கா பக்கம் திரும்பினார். "திங்களாழ்ச்ச தொட்டு பத்தொன்பது பேருக்குக் கொண்டு வா."

"பதினெட்டுப் பேருதானண்ணே?"

"பிச்சை எங்க திம்பான்? ஆறு வருசம் எங்ககூடத் தின்ன ஆளு. வீட்டுல தனியா உக்காந்து திங்கவோ?"

அக்கா தலையை ஆட்டினாள். அடிபட்ட நாளிலிருந்து பிச்சை அண்ணன் அந்தத் தெருப் பக்கமே போனதில்லை. தூக்க முடியாதவன் அங்கே போய் என்ன செய்ய என்பார்.

திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அக்கா தட்டை மூடும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வேகமாக நடக்க முடியாது. அவருக்காக அக்காவும் மெதுவாக நடந்தாள். அன்று சாயா கொஞ்சம் ஆறிப்போயிருந்தது. "பொண்டாட்டி வேல செய்ய, இவன் தின்ன மட்டும் வாரான்" என்று தாடிக்காரர் சொன்னார். "நீ வேண்டாம்னு கை தூக்கிட்டுத் திங்கியே, அத விடவா?" என்றார் பிச்சை அண்ணன். சாக்குகள் மேல் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா காலித் தாளைச் சுருட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைப் பழத்துக்குச் சொல்லி வைக்க ஜெட்டிப் பக்கம் போனாள்.