பெரியக்காவின் திமிங்கிலம்

அருங்காட்சியகத்தில் காவலாளி முதல் அதிகாரி வரை எல்லோருக்கும் அவள் பெரியக்கா. திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கும் கூடத்தில் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்வது அவள் வேலை. எடை, நீளம், கரை ஒதுங்கிய விதம் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பழைய கிரேக்கர்கள் இதைக் ‘கேட்டோஸ்’ என்றார்கள், திமிங்கிலம் என்று பொருள் என்று முடிப்பாள். கூட்டம் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் தேடிப் போகும்.

அப்புறம் புதுப்பெண் வந்து சேர்ந்தாள். வாரத்தில் பாதி நாள் கூடம் அவளுக்குப் போயிற்று. அவள் பேசினால் பிள்ளைகள் தரையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார்களாம். காவலாளி வேறு வேலையில்லாமல் இதை வந்து சொன்னான். பெரியக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. மாதக் கடைசியில் ஒருத்திக்குத்தான் கூடம், மற்றவள் ஈ காக்கை எட்டிப் பார்க்காத கல் ஆயுத அறைக்கு என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்று, தன் விடுமுறை நாளில் வந்து தூணுக்குப் பின்னால் நின்றாள். புதுப்பெண் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீங்க படகுல இருக்கீங்க. தண்ணிக்கு அடியில பெருசா ஏதோ அசையுது. திமிங்கிலமா, சுறாவா, கடல்நாயா, பெரிய சூரை மீனா, கதையில வர்ற பூதமா, தெரியாது. அந்தக் காலத்துல அது அத்தனைக்கும் ஒரே பேருதான். கேட்டோஸ்.”

மாட்டிக்கொண்டாள் என்று பெரியக்கா நேரே அதிகாரியின் அறைக்குப் போனாள். சுறாவையும் கடல்நாயையும் திமிங்கிலம் என்கிறாள், நம் மானம் போகிறது என்று கொட்டித் தீர்த்தாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அந்தப் பெண் சொன்னதுதான் முழு அர்த்தம், பெரியக்கா சொல்லி வந்தது அதில் ஒரு துண்டு என்றார். இவ்வளவு தூரம் வந்ததற்கு முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று, கூடத்தைப் புதுப்பெண்ணுக்கே கொடுத்துவிட்டார்.

வீட்டில் பாத்திரங்கள் பாடாய்ப் பட்டன. தையல்காரக் கணவன் என்ன விஷயம் என்று கேட்டான். கூடம் போனதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தச் சிறுக்கி எப்படிக் குழைகிறாள் என்று காட்டிக் கிண்டலடிக்கத்தான் நினைத்தாள். யாருடையது என்று சொல்லாமலே தொடங்கிவிட்டாள். கண்ணை மூடுங்க என்றாள். படகு, இருட்டுத் தண்ணீர், அசைவு, அந்தத் தாழ்ந்த குரல், ஒன்று விடாமல் வந்தது. ஒரே தடவை கேட்டதுதான். பொறாமைக்குத்தான் எத்தனை ஞாபகசக்தி!

கணவன் தையல் மெஷினை நிறுத்தியிருந்தான். கண்ணைத் திறக்க அவனுக்கு மனசில்லை.

“எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு,” என்றான். “தினமும் இப்படியா சொல்ற? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆமா, தினமும்தான்.”

“ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டு வர்றேன். கூட்டத்தோட நின்னு கேக்கணும்.”

“வராதீங்க,” என்றாள் பெரியக்கா. “நிக்க இடம் கிடைக்காது.”