ரஷ்வான் ஓதிய பாத்திஹா

தன்தா நகரின் நீர்ப்பாசன அலுவலக எழுத்தர் ரஷ்வானுக்கு எந்தத் தொல்லை வந்தாலும் ஒரே வைத்தியம்தான். உள்ளங்கைகளை விரித்து, முணுமுணுவென்று குர்ஆனின் தொடக்க அத்தியாயமான பாத்திஹாவை ஒருமுறை ஓதி, கையால் முகத்தைத் தடவிக்கொள்வார். அதோடு அந்தத் தொல்லை அல்லாஹ்வின் பொறுப்பு. மேலதிகாரி கோப்பைத் தூக்கி எறிந்தால் ஒரு பாத்திஹா. மனைவிக்குச் சர்க்கரை ஏறினால் ஒரு பாத்திஹா. மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோனபோது அதன் முன்னால் குந்தியிருந்து ஓதியவர் அவர்.

"வாஷர் தேஞ்சுபோச்சு" என்றாள் மனைவி இஃப்பத். "ஓதினது போதும், பிளம்பரைக் கூப்பிடுங்க."

"இன்ஷா அல்லாஹ்."

"உங்க இன்ஷா அல்லாஹ்வைக் கேட்டுக் கேட்டு அந்த அல்லாஹ்வுக்கே அலுத்துப்போயிருக்கும்" என்றவள், சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டு பாவமன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ரஷ்வானின் பக்தி போலி என்று யாரும் சொல்லிவிட முடியாது. அசல் பக்திதான். ஆனால் அவர் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. அது வர வேண்டிய இடத்திலெல்லாம் பக்தி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

இப்படி இருக்கையில் மகள் நெர்மினைப் பெண் கேட்டு வந்தார்கள். நெர்மின் மருந்தியல் கல்லூரியில் கடைசி ஆண்டு. ரஷ்வானின் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கேட்டவர் குளியலறை ஓடு வியாபாரி ஹாஜி ஸக்லூல். தம்பி மகன் மம்தூஹுக்காக. பரீட்சை வரைக்கும் காத்திருக்க மாட்டார்களாம். நிக்காஹ் உடனே வேண்டும், படிப்பு அன்றோடு நிற்க வேண்டும்.

"பாபா, வியாழக்கிழமை வந்தாங்கன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றாள் நெர்மின்.

"இன்ஷா அல்லாஹ், கண்ணு."

"இன்ஷா அல்லாஹ் இல்ல பாபா. முடியாது. எங்கே, ஒரு தடவை சொல்லிப் பாருங்க."

"மு..." என்று தொடங்கியவருக்கு இருமல் வந்துவிட்டது.

வியாழக்கிழமை மாலை ஹாஜி ஒரு பெட்டி பஸ்பூஸா இனிப்போடும் குடும்பத்தோடும் வந்து கூடத்தை நிறைத்தார். குரலிலேயே ஓடுகளை உடைக்கக்கூடிய மனிதர்.

"பொண்ணு மருந்துக்கடையில நின்னு இருமல் மருந்து வித்து என்ன ஆவப்போவுது? எங்க வீட்டுல ராணி மாதிரி இருக்கட்டும். என்ன சொல்றீங்க, உஸ்தாத்?"

எல்லாரும் ரஷ்வானையே பார்த்தார்கள். திரைச்சீலைக்கு அடியில் நெர்மினின் பாதங்கள் தெரிந்தன. ரஷ்வான் கண்ணை மூடினார். பழகிய கைகள் தாமாக விரிந்தன. அந்த ஒற்றைச் சொல்லைச் சொல்லத் தைரியம் கொடு என்று மனதுக்குள் கெஞ்சியபடி ஓத ஆரம்பித்தார்.

ஆனால் பெண் கேட்ட இடத்தில், கேட்ட வாய் மூடுவதற்குள் பெண்ணின் தகப்பன் கையேந்திப் பாத்திஹா ஓதினால் தன்தாவில் அதற்கு ஒரே பொருள்தான்: சம்மதம். ஹாஜி பூரித்துப்போய்க் கையேந்தினார். மம்தூஹ் ஏந்தினான். கூடமே சேர்ந்து ஓதியது. "ஆமீன்" என்ற முழக்கம் கேட்டு ரஷ்வான் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியின் மனைவி எடுத்த குலவையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

திரையை விலக்கிக்கொண்டு நெர்மின் வந்தாள். அழவில்லை. "பாபா, என்ன பண்ணிட்டீங்க" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

ரஷ்வான் எழுந்து நின்றார். "ஹாஜி, அது நிச்சயத்துக்கு ஓதினது இல்ல."

"பின்னே, செத்தவங்களுக்கா? இங்க யாரு செத்தா?"

"எனக்காக ஓதினேன். பயத்துல."

"பாத்திஹான்னா பாத்திஹாதான், உஸ்தாத். அல்லாஹ் முன்னால ஓதினதை வாபஸ் வாங்குவீங்களோ?"

இதுபோன்ற கேள்விக்கு ரஷ்வானிடம் இருந்த பதில் ஒன்றுதான். கைகள் மறுபடி மேலே கிளம்பின. இஃப்பத் பாய்ந்துவந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை இறக்குங்க. இன்னொண்ணு ஓதினீங்கன்னா நிக்காஹே முடிஞ்சிடும்."

கை இறங்கியது. போக வேறு வழியில்லாமல் சொல் வாய்க்கு வந்தது.

"வாபஸ் வாங்கல, ஹாஜி. என் வாயைத் திறந்து விடுன்னுதான் அவன்கிட்ட கேட்டேன். இப்பத்தான் திறந்துவிட்டிருக்கான். முடியாது. எம் பொண்ணு படிக்கட்டும்."

ஹாஜி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பஸ்பூஸா பெட்டியை மூடி, நூலை மறுபடி கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எந்திரிடா மம்தூஹ்." வாயிலிருந்த இனிப்புத் துண்டை அவசரமாக விழுங்கிவிட்டு மம்தூஹ் பின்னால் போனான்.

ஆனால் குலவை அதற்குள் கட்டடம் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் இறங்கிய சூட்டிலேயே கதவு தட்டப்பட்டது. ரஷ்வான் போய்த் திறந்தார். கீழ்வீட்டு இன்ஷிராஹ், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயோரம் கையை வைத்துக் குலவைக்குத் தயாராக நின்றாள்.

"இரும்மா, இன்ஷிராஹ். முடியாதுன்னு சொல்லியாச்சு."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

இன்ஷிராஹ் நம்பவில்லை. அவர் தோளுக்கு மேலாக எட்டி இஃப்பத்தைப் பார்த்தாள். இஃப்பத் தலையாட்டினாள். நெர்மினைப் பார்த்தாள். அவளும் ஆட்டினாள்.

"ரஷ்வானா?" என்று மறுபடி ஒருமுறை கேட்டுவிட்டு, இன்ஷிராஹ் விட்ட மூச்சை மீண்டும் இழுத்துப் பெரிதாக ஒரு குலவை எடுத்தாள்.