பின்நேரப் பள்ளிக்கூடத்து அதிபர்

பேதுரு மாஸ்டர் வேலிக்கு வெளியே நின்று வகுப்பறைகளை எட்டி எட்டிப் பார்க்கிறார். முள்ளியவளையில் அந்தப் பள்ளிக்கூடம் மதியம் வரை ஊர்ப் பிள்ளைகளுக்கு. பிறகு, கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவரது பள்ளிக்கூடத்துக்கு. கட்டடம் ஒன்று, அதிபர் இரண்டு பேர். "மணி அடிச்சும் விடுறாங்களில்லை. என்ர பிள்ளையளின்ர நேரத்தையெல்லே தின்னுறாங்கள்" என்று சைக்கிள் மணியை விடாமல் அடிக்கிறார்.

உள்ளே போனால் அடுத்த சண்டை. காலை ஆசிரியர்கள் கரும்பலகை நிறையக் கணக்கை எழுதி, மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்றும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். மிச்ச இடத்தில்தான் மாஸ்டர் சமூகக் கல்வி நடத்துவார். இராச்சியங்கள் எல்லாம் ஒரு சாண் அகலத்துக்குள் எழுந்து விழும்.

பாடத்தின் நடுவிலேயே வெளியே போய், பையன்கள் வருகிறார்களா என்று ஒழுங்கையைப் பார்ப்பார். நாயாற்றில் இறால் படும் காலமென்றால் பையன்கள் தகப்பன்மாரோடு போய்விடுவார்கள். உடனே சைக்கிளில், அவர்கள் குடியிருக்கும் கொட்டில் கொட்டிலாக அலைவார். "இறாலை நாளைக்கும் பிடிக்கலாம். வகுப்பை மூடினால் திரும்பத் தரமாட்டாங்கள்." பிள்ளைகள் குறைந்தால் இரண்டு பள்ளிக்கூடங்களையும் ஒன்றாக்கிவிடுவோம் என்று கல்விப் பணிமனை சொல்லியிருக்கிறது. அப்படி ஆக்கினால், நாளைக்குச் சனம் கரைக்குத் திரும்பும்போது அங்கே பள்ளிக்கூடம் என்று ஒன்று இராது. அவருடைய பயமெல்லாம் இதுதான்.

அவருடைய பள்ளிக்கூடத்தில் ஆண்டு பதினொன்று வகுப்பில் அவர் மகள் டிலுசாவும் இருக்கிறாள். கெட்டிக்காரி. மார்கழியில் சாதாரண தரப் பொதுப் பரீட்சை. கணித ஆசிரியரோ காலைப் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார். அதிபரே மகளை அங்கே அனுப்பினால் மற்றவர்களும் அனுப்புவார்கள். பிறகு வகுப்பு ஏது? மனைவி புனிதம் மனதில் பட்டதை விழுங்குகிறவர் அல்ல. "ஊருக்குப் பள்ளிக்கூடம் வேணுமெண்டு பெத்த பிள்ளையைப் பெயிலாக்கப் போறியளோ?" அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் நானும் அன்று கூடச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்; அந்த அம்மா பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. மாஸ்டர் சோற்றைப் பாதியில் விட்டு எழும்பிவிட்டார்.

இந்தத் திங்கள் காலை அவரை வேலிக்கு உள்ளே கண்டேன். காலை அதிபர் வீரகத்தியின் அறைக்கு முன்னால், பிள்ளைகளைச் சேர்க்க வந்திருந்த தாய்மாரோடு வரிசையில் நின்றார். பின்னால் டிலுசா.

"மாஸ்டர், உள்ள வந்து இருங்கோவன்" என்று வீரகத்தி எழுந்து கூப்பிட்டார்.

மாஸ்டர் அசையவில்லை. தன் முறை வந்ததும், "ஐயா, பிள்ளையைச் சேர்க்க வந்தனான்" என்றார். டிலுசாவின் முதுகில் கைவைத்து மெல்ல உள்ளே தள்ளினார். அவர் வாசலைத் தாண்டவில்லை.