வண்டி நின்றால் அழும் பிள்ளைகள்

முதலில் என்னைத் தையலில்தான் உட்கார வைத்தார்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடந்த இலவசப் பயிற்சி அது. சின்ன வயதிலேயே கல்யாணமாகிக் கையில் பிள்ளையும் வந்துவிட்ட பெண்களுக்கென்றே ஆரம்பித்திருந்தார்கள். தையல், பியூட்டி பார்லர், டிரைவிங் என்று மூன்று பிரிவு. தையலில் நிற்க இடமில்லை, டிரைவிங்கில் ஆளே இல்லை. எனக்கோ ஒரே இடத்தில் உட்கார்ந்தால் உடம்பெல்லாம் எறும்பு ஊரும். நேராகத் தைக்கச் சொன்ன துணியில் என் தையல் தன் இஷ்டத்துக்குப் போனது. தையல் டீச்சர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கால்ல சக்கரத்தக் கட்டீட்டு வந்தவளை எங்கிட்ட எதுக்குங்க அனுப்பறீங்க?" என்று ஆபீசில் போய்க் கேட்டார். அப்படித்தான் நான் டிரைவிங்குக்கு வந்தேன். சின்ன வயதுக் கனவு, லட்சியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அப்போது எனக்குப் பதினெட்டு முடிந்து சில மாதங்கள்தான். பையனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பிரசவத்துக்குப் போன இடத்தில் யார் கேட்டாலும் பத்தொன்பது என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள், சொன்னேன். அடுத்த வருடம் லைசென்ஸுக்கு முன்னால் வாங்கும் எல்.எல்.ஆர். எடுக்கப் போனபோது உண்மையான வயதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் வயது ஏறும், எனக்கு மட்டும் இறங்கியது. இதைச் சொல்லிச் சொல்லி நானே சிரிப்பேன். ஆனால் என்னோடு படித்தவர்கள் காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப் பார்த்தால் சிரிப்பு வராது. வயிறு எரியும்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். கணவர் லாரி டிரைவர். வடக்கே லைனுக்குப் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. அத்தை, அதாவது என் மாமியார், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போவார். மிச்சம் நானும் பையனும். பயிற்சியில் சேர்ந்த அன்றைக்கே அத்தை கறாராகச் சொல்லிவிட்டார்.

"நீ எங்க வேண்ணாலும் போ அம்மிணி. ஆனா உம் பையன நீதான் பாத்துக்கோணும். பண்ணையிலயும் குனிஞ்சு நிமுந்துட்டு ஊட்டுலயும் இவனத் தூக்கீட்டுத் திரிய என்னால ஆகாது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே பயிற்சிக்குப் போனேன்.

டிரைவிங்கில் மொத்தம் மூன்று பேர். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பிள்ளை. சொல்லிக்கொடுத்தது சேலத்தில் கால் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மேடம். அவருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருத்தி ஓட்ட, மேடம் பக்கத்தில் உட்கார, மற்ற இருவரும் மூன்று பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு பின் சீட்டில் இருப்போம். வண்டி ஓடும்வரை மூன்றும் தூங்கும். கிளட்ச்சைச் சட்டென்று விட்டு இன்ஜின் ஆஃப் ஆனால் போதும், மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்து வீறிடும். முதல் வாரம் முழுக்க அந்தக் காரில் ஒரே அழுகைதான். பின்னால் இருப்பவர்கள் ஏசுவார்கள், மறுபடியும் ஆஃப் ஆகும், மறுபடியும் அழுகை. "நான் கத்தறதெல்லாம் உங்களுக்கு உறைக்காது, இதுங்க கத்தினாத்தான் உறைக்கும்" என்பார் மேடம்.

உறைத்தது. பிள்ளை எழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கிளட்ச் பிடிபட்டது, பிரேக் பிடிபட்டது. ஹாரன் அடிக்காமல் ஓட்டவும் பழகினோம். நாமகிரிப்பேட்டை ரோட்டில் வேகத்தடை வந்தால் வண்டி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. இத்தனைக்கும் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு லாரி டிரைவர்தான். ஆனாலும் ஸ்டீயரிங்கில் ஒரு பெண் இருந்தால் டீக்கடையில் அத்தனை தலையும் திரும்பும். திரும்பட்டும் என்று இருந்தது எனக்கு. கார் நகர ஆரம்பித்தால்தான் என் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது அடங்கும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

எங்கள் கதையை மேடம் ஒரு முட்டை வியாபாரியிடம் சொல்லியிருக்கிறார். கடைகளுக்கு முட்டை அட்டை கொண்டுபோய்ப் போட அவரிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி இருந்தது. டிரைவர்கள் பள்ளத்தில் விட்டு முட்டையை உடைக்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தாராம். ஒரு நாள் மேடம் அவரையே பின் சீட்டில் ஏற்றி, என் பையனை மடியில் கொடுத்து, என்னை ஓட்டச் சொன்னார். ஊரைச் சுற்றி வந்து நிறுத்தினேன். பையன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

வியாபாரி அவனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "லைசென்ஸ் வாங்கீட்டு வா கண்ணு, வேலை இருக்குது. பள்ளிக்கூடம் தொறந்தா சத்துணவுக்கு முட்டை போகோணும், அதுக்குள்ள வந்துரோணும். ஆனா ஒண்ணு, கொழந்தையத் தூக்கீட்டு வரக்கூடாது."

அன்று ராத்திரி அத்தையிடம் சொன்னேன். அவர் தீவன நெடியடிக்கும் சேலையை உதறிக் கொடியில் போட்டார். கணவருக்குப் போன் செய்தால், "அம்மாகிட்டயே பேசிக்க" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் அந்தப் பேச்சை எடுப்பேன், அத்தை வேறு பேச்சுக்குப் போவார். ஒரு சொல் வேண்டும் எனக்கு. பையனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற ஒரே ஒரு சொல். அது வரவில்லை.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு மூன்று பேரும் சேர்ந்து போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டி, பிறகு ரிவர்ஸில் வந்து கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் மற்ற இருவரிடமும் தகரக் கொட்டகையில் இருந்தார்கள். நன்றாகத்தான் ஓட்டினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு குழந்தை அழுதது. மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அவ்வளவுதான், வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன்.

கொட்டகையில் என் பையன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அழுதது வேறு யாரோ எதற்கோ தூக்கிக்கொண்டு வந்திருந்த பிள்ளை. அதன் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னம்மா, நட்ட நடுவுல வண்டிய உட்டுட்டு எங்க ஓடற?" என்றார் இன்ஸ்பெக்டர். அன்று என்னைத் தவிர மற்ற இருவரும் பாஸ்.

அடுத்த டெஸ்ட் வரைக்கும் நான் நானாக இல்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். இன்னொரு ஆள் வேலை கேட்டு வந்திருப்பதாக வியாபாரி மேடத்துக்குப் போன் செய்திருந்தார். அவரும் எத்தனை நாள்தான் பொறுப்பார்? யார் பிள்ளை அழுதாலும் சுரக்கும் என் உடம்பின்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைச் சொல்லி அழக்கூட யாரும் இல்லை.

மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட்டதால் இரண்டாம் முறை பிள்ளையைப் பிடிக்க ஆள் கிடையாது. அத்தையைத்தான் கேட்டேன். பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். 

அதே இன்ஸ்பெக்டர். "இன்னைக்கும் எறங்கி ஓடீற மாட்டியே?"

"மாட்டனுங்க சார்."

ஓட்டிக் காட்டினேன். ரிவர்ஸ் போட்டுத் திரும்பிப் பார்த்தபோது அழுகை கேட்டது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை. என் பையன் இரண்டு முறை வீறிட்டால் மூன்றாவதில் மூச்சு அடைத்து விக்குவான். அந்த விக்கல் கேட்டது. கண்ணாடியில் அவன் தெரிந்தான். அத்தையின் இடுப்பில் நிற்காமல் பின்னால் வளைந்து, முகமெல்லாம் சிவந்து, வண்டியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். ரவிக்கை நனைந்தது. என் கால் பிரேக்கின்மேல் இருந்தது. அழுத்தினால் போதும்.

காலை எடுத்தேன். கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டேன், பின் சீட்டில் அவன் தூங்கும்போது விடுவேனே, அப்படி. வண்டி கோட்டுக்குள் வந்து நின்றது.

"ம், பாஸ். உள்ள போய்க் கையெழுத்துப் போடு" என்று இன்ஸ்பெக்டர் இறங்கிப் போனார்.

அத்தையிடம் போனேன். பையன் இன்னும் தேம்பிக்கொண்டிருந்தான். அத்தை என் நனைந்த ரவிக்கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"இவன் அழுதது உனக்குக் கேக்கலையா அம்மிணி?"

ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது, கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"கேட்டுதுங்கத்தே."

திட்டப் போகிறார் என்றுதான் நின்றேன். அவர் முந்தானையால் பையனின் மூக்கைத் துடைத்தார், இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"சேரி. நீ போயி வேலையப் பாரு. இவன நான் வெச்சுக்கறேன்."

எத்தனை நாளாக இந்தச் சொல்லுக்குக் காத்துக் கிடந்தேன். பையன் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான். இப்போது வாங்கிக்கொண்டால் அத்தை சொன்ன சொல் அங்கேயே போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவனைத் தொடாமல் உள்ளே போனேன்.