நேற்றைய டேப்பா, நாளைய டேப்பா?

புனே அருகே பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். கிழமைக்கு ஒரு டேப் வைத்து தினமும் மாலையில் பேக்கப் எடுப்போம். ஒரு புதன்கிழமை, அன்றைய டேப் சிக்கிக்கொண்டதாக ஆபரேட்டர் ஷிண்டே போன் செய்தார். ஜுரத்தில் படுத்திருந்த நான், "கல்வாலா டேப் லகாவோ" என்றேன்.

நான் போடச் சொன்னது நாளைய டேப்பை; அதில் இருப்பது போன வாரத்துப் பதிவு, அழிந்தாலும் பரவாயில்லை. அவர் போட்டது நேற்றையதை. இந்தியில் இரண்டுக்குமே 'கல்'தான். அவருக்கு மராத்தி, எனக்குத் தமிழ், நடுவில் இந்தி.

பேக்கப் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. ஹார்டு டிஸ்க்கும் போனது. மேலே எழுதியதில் நேற்றைய பேக்கப்பும் அழிந்திருந்தது. நல்லவேளை, திங்கட்கிழமை டேப் இருந்தது. மீதி இரண்டு நாள் வேலையை இருவரும் உட்கார்ந்து மறுபடி அடித்தோம்.

"ஆப்னேஹி கல் போலா தா, சார்" என்றார் ஷிண்டே, 'கல்' என்று சொன்னது நீங்கள்தானே என்று.

பிறகு, தவறான டேப்பைப் போட்டால் ஏற்க மறுக்கும் சிஸ்டமாகப் பார்த்து வாங்கினோம். நான் இப்போது பால்காரரிடம்கூடக் கிழமை சொல்லித்தான் பேசுகிறேன்.